மண்ணீரல் முதல் மணிக்கட்டு வரை: மலேசியத் தமிழரிடையே மறைநோய் முன்னறிவிப்பின் வரலாறு

முன்னுரை

நோய் உடலில் குடிபுகும் நாளும் அது தன்னை வெளிக்காட்டும் நாளும் ஒன்றல்ல. இவ்விரு நாள்களுக்கும் இடைப்பட்ட காலத்திலேயே நோயைக் கண்டறிய மருத்துவ உலகம் நெடுங்காலமாக முயன்று வந்துள்ளது. அம்முயற்சியின் அண்மைக்கால வடிவமே, மணிக்கட்டில் அணியப்பட்டு நாடித்துடிப்பை இடைவிடாது கண்காணிக்கும் திறன் கடிகாரம்.

ஜொகூர் மாநிலத்தின் கூலாய் மாவட்டத்தில், செம்பனைத் தோட்டங்கள் சூழ அமைந்த நகரம் பண்டார் தெங்காரா. 'பண்டார்' நகரையும் 'தெங்காரா' தென்கிழக்கையும் குறிக்கும் மலாய்ச் சொற்கள். 1972 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட தென்கிழக்கு ஜொகூர் மேம்பாட்டு வாரியமாகிய கெஜோராவின் வளர்ச்சித் திட்டத்தில் உருவான நகரங்களுள் இஃதும் ஒன்று. நகரக் கடைகளில் கிடைக்கும் திறன் கடிகாரம், இத்தகைய தோட்டப்புறச் சிறுநகரங்களிலும் இன்று அரிதன்று. அது நம் மக்களுக்கு எதனை முன்னறிவிக்கும், எதனை அறிவிக்காது என்னும் வினாவிற்கு விடை காண, இந்நாட்டுத் தோட்டத் தமிழரின் நலவாழ்வு வரலாற்றிலிருந்து தொடங்குதல் தகும் எனக் கருதுகிறோம்.

1. மண்ணீரல் காட்டிய நோய்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்த தமிழ்த் தொழிலாளரைப் பெருமளவில் பலிகொண்ட நோய்களுள் முதன்மையானது மலேரியா. அனோபிலிஸ் கொசு அந்நோய்க் கிருமியைச் சுமப்பதை 1897 இல் செகந்தராபாத்தில் உரொனால்டு உரோசு கண்டறிந்தார். அதற்குச் சில ஆண்டுகளிலேயே, 1901 இல், கிள்ளானிலும் சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலும் (இன்றைய கிள்ளான் துறைமுகம்) மலேரியா ஒழிப்புப் பணியைத் தொடங்கினார் மருத்துவர் மால்கம் வாட்சன்.

வாட்சன் தோட்டந்தோறும் சென்று சிறுவர்களின் மண்ணீரலைக் கையால் தொட்டுச் சோதித்தார். மீண்டும் மீண்டும் மலேரியாவிற்கு ஆளாகும் குழந்தையின் மண்ணீரல் வீங்கியிருக்கும். காய்ச்சல் இல்லாத நாளிலும், குழந்தை ஓடியாடித் திரியும் வேளையிலும் அவ்வீக்கம் இருக்கும். நூறு குழந்தைகளுள் எத்தனை பேருக்கு வீக்கம் உண்டு என்னும் கணக்கே 'மண்ணீரல் விகிதம்' எனப்பட்டது. இம்முறை பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே இந்தியாவில் கையாளப்பட்டது. அவ்விகிதம் உயர்ந்திருக்கும் தோட்டத்தில் புதிதாகக் குடியேறுவோர் விரைவில் நோய்வாய்ப்படுவர் என்பதனை முன்கூட்டியே உணர முடிந்தது. கருவி ஏதுமின்றிக் கைவிரல்களால் பெறப்பட்ட முன்னறிவிப்பு இது.

இங்கு இரண்டு செய்திகள் நம் கவனத்திற்குரியன. முதலாவது, அவ்வறிவிப்பைச் செயல் பின்தொடர்ந்தது. சமவெளித் தோட்டங்களில் சதுப்பு நிலம் வடிக்கப்பட்டது. மலைச்சரிவுகளிலோ, காட்டை அழித்ததால் வெயில்பட்ட தெளிந்த ஓடைகளில் வேறோர் இனக் கொசு பெருகியது. ஆகவே அங்கு நிலத்தடி வடிகால்களும் எண்ணெய் தெளித்தலும் மேற்கொள்ளப்பட்டன. இவ்வனுபவங்களை வாட்சன் 1911 இல் நூலாக வெளியிட்டார்.

இரண்டாவது, அவ்வறிவிப்பு சென்று சேர்ந்த இடம். குழந்தையின் வயிற்றைத் தொட்டுப் பெற்ற கணக்கு அரசின் பதிவேட்டிற்கும் தோட்டத் துரையின் மேசைக்கும் சென்றது. தொழிலாளரின் நோய் உழைப்பின் இழப்பாகவும் கணக்கிடப்பட்ட காலம் அது. பெரட்டுக்கு வராதவர் ஏன் வரவில்லை என்பதே நிர்வாகத்தின் கேள்வி. பெற்ற தாய்க்கு அக்கணக்கு உரியதாகக் கருதப்படவில்லை. உடல் தமிழருடையது, அறிவிப்போ பிறருடையது என இந்நிலையைச் சுருங்கக் கூறலாம்.

2. முதுகுச் சுமை மணிக்கட்டிற்கு வந்தமை

மணிக்கட்டில் நோயறிதல் தமிழருக்குப் புதிதன்று. மூன்று விரல்களை மணிக்கட்டில் வைத்து வளி, அழல், ஐயம் ஆகியவற்றின் நடையை உணரும் நாடித்தேர்வு சித்த மருத்துவத்தின் எண்வகைத் தேர்வுகளுள் ஒன்று. எனினும் மருத்துவர் கைபிடிக்கும் சில நிமிடங்களே அதன் எல்லை. இடைவிடாத பதிவு என்பது பிற்காலத்தது.

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தைச் சேர்ந்த நார்மன் ஹோல்டர், 1940களின் இறுதியில் ஏறத்தாழ 38 கிலோ எடையுள்ள வானொலிக் கருவியை முதுகில் சுமந்து, நடமாடும் மனிதனின் இதயத் துடிப்பைப் பதிவு செய்யலாம் எனக் காட்டினார். பின்னர் அக்கருவி சிறுத்து, அவர் பெயராலேயே வழங்கலாயிற்று. இதற்கு முன்னரே, 1930களில், தோலினுள் ஒளியைச் செலுத்திக் குருதியோட்டத்தின் ஏற்ற இறக்கத்தை அளக்கும் முறை ஆராயப்பட்டிருந்தது. இன்றைய கடிகாரத்தின் அடிப்புறத்தில் மின்னும் பச்சை ஒளி அம்முறையின் வழிவந்ததே.

இக்கருவிகளின் பயனைப் பெரிய அளவில் ஆராய்ந்த ஆய்வுகளுள் ஒன்று, 2017 இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் தொடங்கி 2019 இல் வெளியிட்ட ஆப்பிள் இதய ஆய்வு ஆகும். அதில் பங்கேற்றோர் 4,19,297 பேர். ஒழுங்கற்ற நாடித்துடிப்பு பற்றிய அறிவிப்பைப் பெற்றோர் 2,161 பேர், அதாவது 0.52 விழுக்காட்டினர். அவர்களுள் மார்பில் ஒட்டும் பதிவுக் கருவியை அணிந்து, ஆராயத்தக்க பதிவுடன் திருப்பியனுப்பியவர் 450 பேர். அவர்களில் 34 விழுக்காட்டினரிடம் பக்கவாதத்திற்கு வழிவகுக்கக்கூடிய இதய மேலறை நடுக்கம் காணப்பட்டது. இந்நடுக்கம் வந்து வந்து மறையும் இயல்பினது. ஆதலால் எஞ்சியோர் அனைவரையும் நோயற்றவர் எனக் கொள்ளுதல் இயலாது.

3. இன்றைய மறைநோய்

மலேசியத் தமிழரின் இன்றைய மறைநோய் மலேரியா அன்று. மக்கள் வழக்கில் 'இனிப்பு நீர்' எனப்படும் நீரிழிவே அவ்விடத்தைப் பிடித்துள்ளது. 2019 ஆம் ஆண்டின் தேசிய சுகாதார, நோய்நிலை ஆய்வின்படி நாட்டின் வயதுவந்தோருள் 18.3 விழுக்காட்டினரிடம் நீரிழிவு காணப்பட்டது. மொத்த வயதுவந்தோருள் 9.4 விழுக்காட்டினர் தம் நோயை அறிந்தவர், 8.9 விழுக்காட்டினர் அறியாதவர். அதாவது, நோயுற்றோரில் ஏறத்தாழ பாதிப்பேர் தாம் நோயாளர் என்பதையே அறியவில்லை. இந்தியரிடையே இவ்விகிதம் 31.4 விழுக்காடு, இனங்களுள் இதுவே மிகுதி. நாட்டின் மொத்த விகிதம் 2023 ஆம் ஆண்டின் ஆய்வில் 15.6 விழுக்காடாகக் குறைந்து காணப்பட்டபோதிலும் சிக்கல் தீர்ந்ததாகக் கொள்ள இயலாது.

இங்கேதான் கடிகாரத்தின் எல்லை வெளிப்படுகிறது. குருதியில் உள்ள சர்க்கரையைத் தோலைத் துளைக்காமல் அளப்பதாகக் கூறும் கடிகாரங்களையும் மோதிரங்களையும் நம்ப வேண்டா என 2024 பிப்ரவரியில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரித்தது. அத்தகைய கருவி எதற்கும் தான் ஒப்புதல் அளிக்கவில்லை எனவும் அது தெளிவுபடுத்தியது. இரத்த அழுத்தத்தைப் பொறுத்தவரை, பல நாள் நாடிப் பதிவிலிருந்து உயர் அழுத்தத்தின் அறிகுறியை ஊகித்து அறிவிக்கும் வசதி 2025 இல் அங்கு ஒப்புதல் பெற்றது. எனினும் அஃது ஊகமேயன்றி அளவீடு அன்று. அறிவிப்பு வராமையை நோயின்மை எனக் கொள்ளுதல் கூடாது.

மேலும், ஒளியால் அளக்கும் கருவிகள் எல்லாத் தோல் நிறத்தையும் ஒரே அளவில் காண்பதில்லை. விரலில் பொருத்தி உயிர்வளியை அளக்கும் கருவிகள், வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளரிடம் உயிர்வளிக் குறைவைக் கண்டறியத் தவறிய நிகழ்வுகள் ஏறத்தாழ மும்மடங்கு என 2020 இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு காட்டியது. கருநிறத் தோலுடையோர் பலரைக் கொண்ட நம் சமூகம் இதனை எளிதாகக் கடந்து செல்ல இயலாது.

4. ஒப்பீடு

மண்ணீரல் விகிதத்தையும் திறன் கடிகாரத்தையும் ஒப்புநோக்கின் ஓர் உண்மை புலனாகிறது. அன்று அறிவிப்பு துரைக்குச் சென்றது. செயலும் அவர் கையில் இருந்தது. இன்று அறிவிப்பு உடலுக்குரியவருக்கே வருகிறது. நூறாண்டு வரலாற்றில் இது பெரும் மாற்றமே. ஆயின் அறிவிப்பைப் பெற்ற பின் செல்ல வேண்டிய வழியையும் அவரே தேட வேண்டியுள்ளது. மருந்தகமும் அதன் உதவியாளரான 'டிரஸ்ஸரும்' தோட்டத்தின் உள்ளேயே இருந்த வாழ்க்கை பலருக்கு மறைந்துவிட்டது. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் நிலமேம்பாட்டிற்கு மாற்றப்பட்டும் குடும்பங்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தன. அம்மருந்தகங்கள் குறைகள் பல உடையனவாயினும், நடந்து செல்லும் தொலைவில் இருந்தன.

பொருளியல் வேறுபாடும் கருதத்தக்கது. மண்ணீரல் சோதனைக்கு ஏழைக் குழந்தையும் உட்பட்டது. ஆப்பிள் ஆய்விலோ கடிகாரமும் திறன்பேசியும் உடையோரே பங்கேற்க முடிந்தது. நோய் மிகுந்தோர் வேறு, கருவி உடையோர் வேறு என்னும் நிலை நீடிக்குமாயின் முன்னறிவிப்பும் வசதியுடையோரின் உடைமையாகவே முடியும்.

முடிவுரை

திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுவோர் என மருத்துவத்தை நாற்கூறுடையதாகக் காண்கிறது. திறன் கடிகாரம் மருத்துவர் அன்று, மருந்தும் அன்று. மிகுதியாகக் கூறின், நான்காமவருக்கு உதவும் ஒரு கண் எனலாம். ஏனைய மூன்றும் இல்லாவிடத்து அக்கண் கண்டதனால் பயனில்லை. வாட்சனின் விரல்கள் உயிர்களைக் காத்தது வீக்கத்தைக் கண்டதனால் மட்டும் அன்று. அதன்பின் வடிகால் வெட்டப்பட்டதனாலேயே ஆகும்.

இன்றைய வடிகால் எது? எளிய குருதிச் சோதனையே அது. குறைந்த வருமானம் உடைய, தொடக்கத்தில் 50 வயதும் அதற்கு மேலும் ஆனோருக்கென அரசு 2019 இல் தொடங்கி, பின்னர் 40 வயதினருக்கும் விரிவுபடுத்திய பெக்கா பி40 திட்டம் அத்தகைய சோதனையை இலவசமாக அளிக்க முற்பட்டது. பண்டார் தெங்காரா போன்ற தோட்டப்புற நகரங்களில் இச்செய்தியைப் பெற்றோரிடம் அவர்தம் மொழியிலேயே கொண்டு சேர்க்கும் வாய்ப்பு தமிழாசிரியருக்கு உண்டு. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டங்களில் இதற்கெனச் சில நிமிடங்கள் ஒதுக்குதல் கடினமான பணியன்று. தந்தையின் கையில் கடிகாரம் இருப்பதனால் குருதிச் சோதனை தேவையில்லை என ஒரு குடும்பம் எண்ணிவிடுமாயின், அவ்வெண்ணமே நோய் மறைந்து வளரும் இடமாகிவிடும். இவ்வெச்சரிக்கையே நூறாண்டு வரலாற்றிலிருந்து நாம் பெறும் பாடமாகும்.