சட்டையில் குத்திய ஊர்

புதுச்சேரி கடற்கரைச் சாலையை ஒட்டிய தெருக்களில் உள்ள நினைவுப்பொருள் கடைகளில் பேட்ஜும் ஃபிரிட்ஜ் மேக்னெட்டும் சாவிக்கொத்தும் ஒரே மாதிரியான சில படங்களையே சுமந்துகொண்டிருக்கின்றன. மஞ்சள் சுவர், அதன்மேல் சரிந்து தொங்கும் காகிதப்பூ, பிரெஞ்சில் எழுதிய நீல நிறத் தெருப்பலகை, கலங்கரை விளக்கம், சிவப்புத் தொப்பி போட்ட போலீஸ்காரர். வார இறுதிக்கு வந்துபோகும் சென்னைக்காரரும் பெங்களூர்க்காரரும் இவற்றில் ஒன்றை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொள்கிறார்கள். பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன அடையாளம் இது என்றுதான் வாங்குபவரும் விற்பவரும் எண்ணுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தக் கட்டடங்கள் பழையவை, ஆனால் அவற்றை நினைவுப்பொருளாக்கிய பார்வை அவர்கள் போன பிறகு பிறந்தது. அவர்கள் ஆண்ட காலத்தில் இந்த ஊரின் பெயரால் அச்சாகி வெளியே போன சிறு பொருள்கள் நேர்மாறான படத்தைக் காட்டின. பிரெஞ்சு ஆட்சி தன் மக்களுக்கு இந்தியத்தன்மையை விற்றது. இன்றைய புதுச்சேரி இந்தியர்களுக்குப் பிரெஞ்சுத்தன்மையை விற்கிறது. எந்தக் காலத்திலும், ஊரில் வாழ்ந்தவர் தன்னை எப்படிப் பார்த்தார் என்பது அந்தப் படங்களில் இல்லை.

முதலில் பொருளைப் பற்றிச் சுருக்கமாக. அச்சடித்த வட்டத் தாள், அதன்மேல் ஒளி ஊடுருவும் மெல்லிய தகடு, அடியில் தகரக் கிண்ணம், பின்னால் வளைத்த கம்பி ஊசி. இந்த அமைப்பை அமெரிக்காவின் நியூவார்க் நகரத்து வைட்ஹெட் அண்ட் ஹோக் நிறுவனம் 1890-களில் காப்புரிமை பெற்றுப் பெருமளவில் செய்தது. 1896 அதிபர் தேர்தலில் மெக்கின்லி கட்சியும் பிரையன் கட்சியும் அதை வாரி இறைத்தன. அதாவது பேட்ஜ் பிறந்தது பக்கம் சொல்வதற்காக. பார்த்த இடத்தை நினைவில் வைப்பதற்காகச் சுற்றுலாத் தலங்களும் கண்காட்சிகளும் அதைக் கையிலெடுத்தது அதன் இரண்டாம் வாழ்க்கை. புதுச்சேரியின் கதையைப் புரிந்துகொள்ள இந்த வேறுபாடு முக்கியம். இங்கே மார்பில் குத்திக்கொண்டவை எல்லாம் நீண்ட காலம் முதல் வகையைச் சேர்ந்தவை. இரண்டாம் வகைக்கு அன்று இங்கே இருந்தவை பட அஞ்சலட்டையும் தபால்தலையும்.

அந்த அஞ்சலட்டைகளை எடுத்துப் பாருங்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'பிரெஞ்சிந்தியா' என்ற தலைப்போடு அச்சானவற்றில் கோயில் கோபுரம், தேர், ஆட்டக்காரிகள், மாட்டு வண்டி, தொழில்வாரியாக நிறுத்திவைத்துப் படமெடுத்த ஆண்களும் பெண்களும் நிறைந்திருக்கிறார்கள். புதுச்சேரிக்கே உரிய புஷ் வண்டி அவற்றில் அடிக்கடி வரும். ரிக்‌ஷாவைப் போல முன்னால் இழுப்பதல்ல அது. உட்கார்ந்திருப்பவர் முன்னாலுள்ள கைப்பிடியைப் பிடித்துத் திருப்ப, பின்னாலிருந்து ஆள் தள்ளுவார். படத்தில் தொப்பி போட்ட துரை கைப்பிடியோடு நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார், வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டியவர் முதுகை வளைத்துத் தள்ளுகிறார். திசையை ஒருவர் தீர்மானிக்க, உடலை இன்னொருவர் கொடுக்கிறார். காலனி ஆட்சி பற்றிய இதைவிடத் தெளிவான படத்தை எவரும் திட்டமிட்டு வரைந்திருக்க முடியாது. ஆனால் இதை வாங்கிப் பிரான்சுக்கு அனுப்பியவர் அதைப் பார்க்கவில்லை. 'இங்கே வண்டிகூட வேடிக்கையாக இருக்கிறது' என்பதைத்தான் பார்த்தார்.

அஞ்சலட்டை தனியார் வியாபாரம், அதை வைத்து ஆட்சியின் மனதைச் சொல்ல முடியுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதனால்தான் தபால்தலை இன்னும் வலுவான சான்று, அது அரசே தேர்ந்தெடுத்த படம். 1892-இல் பிரெஞ்சிந்தியாவுக்குத் தனித் தபால்தலை வந்தபோது, எல்லாக் காலனிகளுக்கும் பொதுவான படத்தில் பெயரை மட்டும் மாற்றி அச்சிட்டார்கள். இந்த ஆட்சிப்பகுதிக்கென்றே வரைந்த முதல் வரிசை 1914-இல் வந்தது. அதில் இருந்தவை இரண்டே படங்கள்: பிரம்மா, புதுச்சேரிக்கு அருகிலுள்ள ஒரு காளி கோயில். 1942-இல் டி கோலின் சுதந்திர பிரான்ஸ் லண்டனில் அச்சிட்ட வரிசையில் தாமரை. 1948-இல் வந்த வரிசையில் அப்சரஸும் துவாரபாலகரும் விஷ்ணுவும். அந்த ஆண்டை நினைத்துப் பாருங்கள். இந்தியா விடுதலை பெற்றுவிட்டது, இங்கே இணைப்புக் கோரிக்கை தெருவுக்கு வந்துவிட்டது, இன்னும் ஆறு ஆண்டில் பிரான்ஸ் வெளியேறப்போகிறது. அப்போதும் அந்த அரசு தன் முகமாக வைத்தது அப்சரஸைத்தான். ஆளுநர் மாளிகையோ தேவாலயமோ கடற்கரைச் சாலையோ இந்த வரிசைகள் எதிலும் இல்லை. 1931-இல் பாரிசின் வேன்சென் பூங்காவில் நடந்த காலனிக் கண்காட்சிக்கு 3 கோடிக்கும் மேற்பட்ட நுழைவுச்சீட்டுகள் விற்றன. ஒரே நாளில் உலகைச் சுற்றி வரலாம் என்பது அதன் விளம்பரம். அங்கே பிரெஞ்சிந்தியாவின் அரங்குக்கு வாசலில் யானைச் சிலைகளை நிறுத்தினார்கள். பாரிசில் பிரெஞ்சுச் சாயல் கொண்ட புதுச்சேரியைக் காசு கொடுத்துப் பார்க்க யார் வருவார்கள்?

இதற்கு எதிராக ஒரு சான்று உண்டு, அதை மறைக்கக் கூடாது. அஞ்சலட்டைகளில் ஆளுநர் மாளிகையும் 1836-இல் ஏற்றிய கலங்கரை விளக்கமும் 1866-இல் கட்டிய இரும்புப் பாலமும் பிரெஞ்சு ஆளுநராக இருந்த டூப்ளேயின் சிலையும் இருக்கின்றன. இன்றைய பேட்ஜின் மூதாதைகள் இவையே அல்லவா என்று ஒருவர் சொல்லலாம். படம் ஒன்றுதான், வேலை வேறு. இங்கே பணியில் இருந்த அதிகாரியும் பாதிரியாரும் மாளிகைப் படத்தை வீட்டுக்கு அனுப்பியது 'நான் இங்கேதான் இருக்கிறேன், ஒழுங்கான ஊர்தான்' என்று சொல்ல. அதில் ஏக்கம் இல்லை, உரிமை இருந்தது. 1870-இல் நிறுவிய டூப்ளே சிலையின் படத்தை உற்றுப் பார்த்தால் இது விளங்கும். செஞ்சியிலிருந்து கொண்டுவந்த உயரமான கல்தூண்கள் சுற்றி நிற்க, பழைய கோயில்களின் செதுக்குக் கற்களை அடுக்கிய பீடத்தின்மேல் அவர் நிற்கிறார். பிரெஞ்சுக்காரர் தன் பெருமையைக் காட்டியபோதும் தமிழ்க் கற்களை அடியில் வைத்துத்தான் காட்டினார். அந்தத் தூண்களின் நடுவே இன்று காந்தி நிற்கிறார். டூப்ளே கடற்கரையின் தென்கோடிக்குப் போய்விட்டார், பாலம் 1952 புயலில் சிதைந்தது.

அப்படியானால் ஊரில் வாழ்ந்த தமிழர் தன்மேல் எதை அணிந்துகொண்டார்? இங்கேதான் முதல் வகை வருகிறது. 1873-இல் வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை ஐரோப்பிய பாணிக் காலணி அணிந்து நீதிமன்றத்துக்குள் போனார். தமிழர் அப்படி வரக் கூடாது என்று நீதிபதி தடுத்தார். அவர் பாரிசில் உள்ள உயர் நீதிமன்றம் வரை போய்த் தன் பக்கம் தீர்ப்பு வாங்கினார். 1881 செப்டம்பரில் வந்த ஆணை, தங்கள் சமூகச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்பவர்களுக்கு வழி திறந்தபோது, அவர் லபோர்த் என்ற பெயரை எடுத்துக்கொண்டார். அவருக்கு அந்தக் காலணி அலங்காரமல்ல, உரிமைக் கோரிக்கை. முதல் உலகப் போருக்குப் பிரெஞ்சிந்தியாவிலிருந்து போன சில நூறு பேரும், பிறகு இந்தோசீனாவிலும் பிற இடங்களிலும் பணியாற்றியவர்களும் கொண்டுவந்த பதக்கங்களும் அப்படித்தான். போர்க்காலத்தில் பிரான்சின் தெருக்களில் நன்கொடைக்காக அட்டை பேட்ஜ் குத்திவிடும் நாள்கள் பல நடந்தன; 1917 ஜூன் 10 ஆப்பிரிக்கப் படைக்கும் காலனிப் படைகளுக்கும் உரியது. அங்கே காசு போட்டவர் அன்று மாலையே அதைக் கழற்றி ஒரு பெட்டிக்குள் வைத்திருப்பார், இன்று அது சேகரிப்பாளர் கையில் இருக்கும். இங்கே பதக்கம் பெற்றவர் ஆண்டுதோறும் ஜூலை 14-க்கும் நவம்பர் 11-க்கும் அதைத் துடைத்து மார்பில் குத்திக்கொண்டு, கடற்கரைப் போர் நினைவிடத்துக்கு முன் வந்து நின்றார். ஒரே போர், ஒரே மாதிரி ஊசி. ஒருவருக்கு நினைவு, மற்றவருக்குத் தன் நிலைமையின் சாட்சி. ஓய்வூதியமும் குடியுரிமையும் பிள்ளைகளின் எதிர்காலமும் அந்தச் சாட்சியில் தொங்கின.

எதிர்ப்பக்கத்தில் நின்றவர்களுக்கும் மார்பு அரசியல் மேடைதான். ஊரைப் பிரான்சோடு வைத்திருப்பதா இந்தியாவோடு சேர்ப்பதா என்று தெருக்கள் பிரிந்திருந்த ஆண்டுகளில், ஒரு சிறு மூவர்ணத் துண்டு எந்த மூவர்ணம் என்பதே கேள்வி. 1954 அக்டோபர் 18-இல் கீழூரில் 178 பிரதிநிதிகள் வாக்களித்தார்கள். 170 பேர் இணைப்புக்கு ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு. நவம்பர் 1-இல் நிர்வாகம் கைமாறியது. 1956-இல் கையெழுத்தான ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16-இல் நடைமுறைக்கு வந்தது. பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ள ஆறு மாதக் கெடு கொடுத்தார்கள். அந்தக் கெடு முடிந்த பிறகு கேள்வி தீர்ந்துவிட்டது. பிரெஞ்சு அடையாளம் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை, யாருக்கும் அச்சமூட்டவில்லை. ஒரு சின்னத்துக்கு அதிகாரம் இருக்கும்வரை அதை விளையாட்டாக அணிய முடியாது. அதிகாரம் போன பின்புதான் அது அழகாகத் தெரியத் தொடங்குகிறது. போலீஸ்காரரின் சிவப்புத் தொப்பி இதற்குச் சரியான உதாரணம். 1950-இல் இணைப்பு ஆதரவாளர் ஒருவர் அந்தத் தொப்பியைத் தெருமுனையில் கண்டால் வேறு சந்துக்குள் திரும்பியிருப்பார். இன்று குழந்தை அதோடு படமெடுத்துக்கொள்கிறது.

இதெல்லாம் வியாபாரம், வெளியூர்க்காரர் தன் ஊரில் இல்லாததைத்தான் வாங்குவார், இதில் குறை சொல்ல என்ன இருக்கிறது என்று ஒருவர் கேட்டால், முன்பாதியை அப்படியே ஏற்கிறேன். கோபுரம் சென்னைக்காரருக்குப் புதிதல்ல, சன்னல் கதவு வைத்த மஞ்சள் சுவர் புதிது. அன்று பாரிசுக்காரருக்கு யானை புதிதாக இருந்ததும் அதே விதிப்படிதான். ஆனால் வாங்குபவரின் கண் படத்தோடு நிற்பதில்லை. எந்தத் தெருவுக்குச் சுண்ணாம்பு அடிப்பது, எந்த வீட்டை விடுதியாக்குவது, எதை இடித்தால் யாரும் கேட்கமாட்டார்கள் என்பதையும் அதுவே தீர்மானிக்கிறது. பெரிய வாய்க்காலுக்கு மேற்கே தாழ்வாரமும் திண்ணையும் மரத்தூணும் கொண்ட தமிழர் வீடுகள் ஒவ்வொன்றாக மறைந்தன. அவற்றில் வைசியாள் வீதியைப் பாதுகாத்து மீட்ட பணி 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதுகளில் இடம்பெற்றது. அந்தத் திண்ணை பேட்ஜில் ஏறவில்லை. வாய்க்காலுக்குக் கிழக்கே, பிரெஞ்சுப் பகுதியின் நடுவிலேயே மணக்குள விநாயகர் இருக்கிறார், பிரெஞ்சுக்காரர் வருவதற்கு முன்பிருந்தே. அந்தக் கோயில் யானை லட்சுமி 2022 நவம்பர் 30-இல் இறந்தபோது ஊரே திரண்டு அழுதது. ஊரின் நினைவு எங்கே இருக்கிறது என்று தேடுபவருக்கு அந்தக் கூட்டத்தைவிடப் பெரிய விடை வேண்டாம்.

இன்னொரு மறுப்பு கடினமானது: பிரெஞ்சுத்தன்மை வெளியூர்க்காரருக்காகப் போட்ட வேடம் அல்ல, இங்கே சில ஆயிரம் குடும்பங்களின் உண்மையான வாழ்க்கை. முழுக்கச் சரி. இன்றும் பிரெஞ்சுக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் தமிழர் இருக்கிறார்கள். பாரிசுக்கும் புதுச்சேரிக்கும் இடையே பிரிந்து வாழும் உறவுகள் இருக்கின்றன. இதுவே என் வாதத்துக்கு வலுச் சேர்க்கிறது. பேட்ஜில் இருப்பது அவர்கள் அல்ல. காலணிக்காக வழக்காடியவரும் இல்லை, பதக்கத்தோடு நிற்கும் முதியவரும் இல்லை. சுவர் இருக்கிறது, சுவருக்குள் இருந்த ஆள் இல்லை. வில்லியனூர் திருக்காமீஸ்வரர் தேரைப் பிரெஞ்சு ஆளுநர் வடம் பிடித்துத் தொடங்கிவைத்த வழக்கம் இன்று துணைநிலை ஆளுநர் கையில் தொடர்கிறது. பிரான்சும் தமிழும் இந்த மண்ணில் உண்மையிலேயே கை கோத்த இடம் அது. கடையில் அதற்கு ஒரு படம் கிடையாது.

ஒரு பேட்ஜுக்கு இவ்வளவு பாரமா என்று கேட்பவர்கள் 1914 தபால்தலையை நினைவில் கொள்ளட்டும். அதை நாக்கில் தடவி ஒட்டியவர்களும் அது வரலாற்றுச் சான்றாகும் என்று எண்ணியிருக்கமாட்டார்கள். தபால்தலையையாவது பட்டியலிட்டுப் பாதுகாக்க ஆள் இருந்தார்கள், பேட்ஜுக்கு இல்லை. மலிவான பொருள் என்பதால் தகரம் கடற்காற்றில் துருப்பிடிக்கிறது, தாள் வெயிலில் வெளுக்கிறது, படம் மாறினால் பழையது குப்பைக்குப் போகிறது. புதுச்சேரி அருங்காட்சியகம் புஷ் வண்டியைக் காத்து வைத்திருக்கிறது, நல்ல காரியம். அதோடு, கடற்கரைச் சாலையில் இன்று விற்கும் ஒவ்வொரு வகைப் பேட்ஜிலும் இரண்டை வாங்கி, வாங்கிய தேதி, கடை இருந்த தெரு, கொடுத்த விலை மூன்றையும் எழுதி, காற்றுப் புகாத பெட்டியில் வைக்க வேண்டும். கொடி நாளில் பள்ளிப் பிள்ளைகள் குத்திக்கொள்ளும் காகிதக் கொடியும், ஆகஸ்ட் 16-இல் கீழூர் நினைவிடத்துக்கு வருபவர்கள் சட்டையில் அணிவதும், வைத்திக்குப்பம் மாசி மகத் தீர்த்தவாரியில் தொண்டர்கள் மாட்டிக்கொள்ளும் அட்டையும், தேர்தலுக்குத் தேர்தல் மாறும் கட்சிச் சின்னங்களும் அதே பெட்டியில், அதே கவனத்தோடு சேர வேண்டும்.