சிறிய நாடும் குளிர்காலப் பள்ளியும்

வேற்று நாட்டைக் காணச் சென்றவர் அந்நாட்டிடம் மனத்தைப் பறிகொடுத்துத் திரும்புவது உலகில் புதிதன்று. பெரிய நாடுகள் காண்பவரை வியக்க வைக்கும். ஆனால் காதல் கொள்ளச் செய்பவை பெரும்பாலும் சிறிய நாடுகளே. ஐரோப்பாவின் வடபால் உள்ள டென்மார்க் அத்தகைய நாடு. அதன் தாய்நிலத்தின் பரப்பு ஏறத்தாழ 43,000 சதுர கிலோமீட்டர். நம் தமிழ்நாட்டில் மூன்றில் ஒரு பங்கு. மக்கள் தொகை சற்றேறக்குறைய 60 இலட்சம். தங்கச் சுரங்கம் இல்லை. வானளாவிய மலை இல்லை. அந்நிலத்தின் மிக உயர்ந்த மேடும் கடல் மட்டத்திற்கு மேல் 171 மீட்டர்தான். திண்டுக்கல் நகரின் தெருக்களே அதனினும் உயரத்தில் கிடக்கின்றன. எரியோட்டிலிருந்து பார்த்தால் தெரியும் கரடுகளைக் கண்டால் டென்மார்க்கின் உழவர் அவற்றைப் பெருமலைகள் என்றே கொண்டாடுவார்.

இத்தகைய எளிய நாட்டின்மீது உலகத்தார் கொண்ட காதல் எங்ஙனம் பிறந்தது? அக்காதல் நம் திண்டுக்கல் சீமை வரை எவ்வாறு வந்தது? வந்தபின் யாது ஆயிற்று? இவற்றைச் சிறிது ஆராய்வோம்.

தமிழரும் டேனியரும் முதலில் சந்தித்தது காதலால் அன்று; மிளகினால். 1620ஆம் ஆண்டில் ஓவே யெட்டே என்னும் டேனியத் தளபதி, தஞ்சை இரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்துகொண்டார். தரங்கம்பாடிக் கடற்கரை டேனியருக்கு வணிகத்தலம் ஆயிற்று. டான்ஸ்போர்க் கோட்டை அங்கே எழுந்தது. நாயக்கர் டேனிய மன்னர் நான்காம் கிறிஸ்தியானுக்கு விடுத்த பொன்னோலை இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் களரியில் காக்கப்பட்டு வருகிறது. 1706இல் டேனிய மன்னர் அனுப்பிய சீகன்பால்கு என்னும் செருமானியர் தரங்கம்பாடியில் வந்திறங்கித் தமிழ் கற்றார். அவர் முயற்சியால் அவ்வூரில் தமிழ் அச்சுக்கூடம் தோன்றியது. 1714இல் அவர் ஐரோப்பா சென்றபோது மலையப்பன் என்னும் தமிழ் இளைஞர் உடன் சென்றார். நம் இளைஞர் ஒருவர் மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்னரே அந்த வடநாட்டுக் கடலைக் கண்டார் என்பது நினைத்து மகிழத்தக்கதே.

எனினும் வரலாற்றை எழுதுவோர் இனியதை மட்டும் எடுத்துரைத்தல் நேர்மை ஆகாது. அக்காலத்து டென்மார்க் பிற கடல்வல்லரசுகளைப் போன்றதே. கரீபியன் தீவுகளில் அடிமைகளின் உழைப்பால் கரும்புத் தோட்டங்கள் நடத்திற்று. அங்கு அடிமைத்தனம் ஒழிந்தது 1848இல்தான். இலாபம் குன்றியதும் 1845இல் தரங்கம்பாடியை ஆங்கிலேயக் கம்பெனிக்கு விற்றுவிட்டுச் சென்றது. வாங்கி விற்கும் உறவில் காதலுக்கு இடம் ஏது?

உலகத்தார் டென்மார்க்கைக் காதலிக்கத் தொடங்கியது அது வென்ற காலத்தில் அன்று, தோற்ற பின்னர். 1807இல் ஆங்கிலக் கப்பற்படை கோபன்ஹேகன் நகரைக் குண்டுவீசி எரித்தது. 1813இல் அரசின் கருவூலம் முறிந்தது. 1814இல் நார்வே கையைவிட்டுப் போயிற்று. 1864இல் பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் படையெடுத்துத் தென்புறத்து மாநிலங்களைப் பறித்துக்கொண்டன. எஞ்சியதோ சிறு நிலம். அதிலும் யூட்லாந்துப் பகுதியின் பெரும்பரப்பு, மணலும் புதரும் மண்டிய வெற்றுக்காடு. போதாக்குறைக்கு 1870களில் அமெரிக்காவிலிருந்து மலிவான கோதுமை கப்பல் கப்பலாக வந்து குவிந்தது. தானியம் விற்றுப் பிழைத்த டேனிய உழவர் கையைப் பிசைந்து நின்றனர்.

அந்நிலையில் அவர்கள் பழி வாங்கப் படை திரட்டவில்லை. 1866இல் டால்காஸ் என்பவர் முன்னின்று வெற்றுக்காட்டைச் சீர்திருத்தும் சங்கம் ஒன்றை நிறுவினார். மணற்காடு சோலையாகவும் விளைநிலமாகவும் மாறலாயிற்று. தானியம் விற்பதைக் குறைத்து மாடு வளர்க்கத் தலைப்பட்டனர். 1882இல் யெட்டிங் என்னும் சிற்றூரில் உழவர்கள் சேர்ந்து முதற் கூட்டுறவுப் பால்பண்ணையைத் தொடங்கினர். ஒருவரிடம் ஐம்பது மாடு இருக்கலாம். மற்றொருவரிடம் இரண்டே இருக்கலாம். பண்ணையின் கூட்டத்தில் ஆளுக்கு ஒரு வாக்கே. மாட்டை எண்ணி மதிப்பளியாது மனிதரை எண்ணி மதிப்பளித்தனர். சில ஆண்டுகளில் இத்தகைய பண்ணைகள் நாடெங்கும் பரவின. டேனிய வெண்ணெய் இலண்டன் மாநகரின் காலையுணவு மேசையில் இடம் பிடித்தது.

வெண்ணெயைக் கண்டவர்கள் அதன் வேரைத் தேடிச் சென்றனர். 1910இல் ஆங்கில நாவலாசிரியர் ரைடர் ஹாகார்ட் டென்மார்க்கின் பண்ணைகளைச் சுற்றிப் பார்த்து, மறு ஆண்டே ஒரு நூல் எழுதினார். 1930களின் தொடக்கத்தில் மைல்ஸ் ஹார்ட்டன் என்னும் அமெரிக்க இளைஞர் அங்குச் சென்று கற்றுத் திரும்பி, 1932இல் டென்னசி மலைநாட்டில் ஒரு பள்ளி தொடங்கினார். பிற்காலத்தில் அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போருக்கு அப்பள்ளி பாசறையாக விளங்கிற்று. இவர்கள் கண்ட வேர் யாது? அதுவே மக்கள் உயர்பள்ளி.

அப்பள்ளியைக் கனவு கண்டவர் குருண்ட்விக் என்னும் சமயகுரு. 1783இல் பிறந்து 1872 வரை வாழ்ந்தவர், கவிஞர், வரலாற்றறிஞர். இலத்தீன் மொழியில் மனப்பாடம் செய்யும் கல்வி மனிதரை உயிரற்றவராக்கும் என்பது அவர் கருத்து. உழவர் மக்கள் தாய்மொழியில் பேசவும் பாடவும் கேட்கவும் வினவவும் கூடிய பள்ளி வேண்டும் என்றார். 1844இல் ரோடிங் என்னுமிடத்தில் அத்தகைய முதற் பள்ளி திறந்தது. கிறிஸ்டன் கோல்ட் என்னும் செருப்புத் தைப்பவரின் மகன் 1851இல் மற்றொன்று தொடங்கி, ஏழை உழவருக்கும் ஏற்றதாக அதனை எளிமையாக்கினார். உழவு வேலை ஓய்ந்த குளிர்கால மாதங்களில் இளைஞர்கள் வந்து தங்கினர். கோடையில் மூன்று மாதம் இளம்பெண்கள் வந்தனர். ஆசிரியரும் மாணவரும் ஒரே பந்தியில் உண்டனர். வரலாறு, பாட்டு, நாட்டு நடப்பு இவையே பாடம். தேர்வு இல்லை, பட்டம் இல்லை, முதல் வகுப்பு, மூன்றாம் வகுப்பு என்ற தரமும் இல்லை. படித்தவர் அலுவலகம் தேடி ஓடவில்லை. தம் ஊருக்கே திரும்பினர். பால்பண்ணைக் கூட்டத்தில் அஞ்சாது எழுந்து பேசியவரும், கணக்கைப் பார்த்துக் கேள்வி கேட்டவரும், பக்கத்து வீட்டாரை நம்பிக் கூட்டுச் சேர்ந்தவரும் அவர்களே.

இங்கு ஒரு நுட்பத்தைக் கருதுதல் வேண்டும். பள்ளி மட்டுமே டென்மார்க்கை உயர்த்தியது என்று கூறின் அது மிகை. 1788இலேயே உழவரை நிலக்கிழாரோடு பிணைத்த தளை அறுக்கப்பட்டது. பின்னர் உழவருள் பலர் நிலத்துக்கு உடையவராயினர். 1814இலேயே சிற்றூர்க் குழந்தைகளுக்கும் தொடக்கக் கல்வி கட்டாயமாயிற்று. காலூன்ற நிலமும், படிக்க எழுத்தும் முன்பே கிடைத்தன. மக்கள் உயர்பள்ளி அவர்களுக்குத் தன்மானத்தையும் ஒருவரோடு ஒருவர் சேரும் மனத்தையும் தந்தது. மூன்றும் கூடிய இடத்தில் அதிசயம் விளைந்தது.

இந்தக் காதல் நம் நாட்டையும் தொட்டது. 1948இல் திருத்தணியில் பிறந்த பேரறிஞர் இராதாகிருஷ்ணன் தலைமையில் பல்கலைக்கழகக் கல்விக் குழு அமைந்தது. ஆர்க்காடு இலட்சுமணசாமி முதலியாரும் அதன் உறுப்பினர். ஆர்தர் மார்கன் என்னும் அமெரிக்க உறுப்பினர் டேனிய மக்கள் உயர்பள்ளிகளில் மிகுந்த ஈடுபாடு உடையவர். 1949இல் வெளிவந்த அறிக்கையில் ஊரகப் பல்கலைக்கழகங்கள் பற்றிய பகுதி டென்மார்க்கின் எடுத்துக்காட்டைப் போற்றிப் பேசுகிறது. அதன் தொடர்ச்சியாக சிரீமாலி தலைமையில் அமைந்த குழுவின் பரிந்துரைப்படி, 1956இல் இந்தியாவின் பல பகுதிகளில் ஊரக உயர்கல்வி நிலையங்கள் தோன்றின. அவற்றுள் ஒன்று திண்டுக்கல்லுக்குத் தெற்கே, சின்னாளபட்டிக்கு அருகில் உள்ள காந்திகிராமத்தில் அமைந்தது.

காந்திகிராமம் அதற்கு முன்பே தோன்றியது. மருத்துவர் சௌந்தரம் அம்மையாரும் அவர்தம் கணவர் கோ. இராமச்சந்திரனும் 1947இல் நிறுவிய அறநிலையம் அது. அண்ணல் காந்தியின் ஆதாரக் கல்வியே அதன் உயிர். டேனியக் கருத்து அவ்வுயிரோடு கலந்த காற்று. சாந்திநிகேதனில் பயின்ற இராமச்சந்திரனுக்குத் தாய்மொழி, பாட்டு, கைத்தொழில், கூட்டு வாழ்வு ஆகியவை கல்வியின் உறுப்புகள் என்பதை எவரும் எடுத்துரைக்க வேண்டியிருந்ததில்லை. காந்தியடிகளும் குருண்ட்விக்கும் ஒருவரையொருவர் சந்தித்ததில்லை. எனினும் ஊராரின் கல்வி ஊரிலேயே வேரூன்ற வேண்டும் என்பதில் இருவர் கருத்தும் ஒத்தது.

ஆயினும் அடுத்து நிகழ்ந்தது நம் சிந்தனைக்கு உரியது. ஊரக நிலையத்தில் படித்து முடித்தவர்க்கு ஊரகப் பணிப் பட்டயம் வழங்கப்பட்டது. அது பல்கலைக்கழகப் பட்டத்துக்கு நிகராகுமா என்ற கேள்வி எழுந்தது. வேலை கொடுப்போர் அதே கேள்வியைக் கேட்டனர், பெற்றோரும் கேட்டனர். பெற்றோரைக் குறை கூறுதல் தகாது. மானாவாரி நிலத்தை நம்பி வாழ்ந்தவருக்கு மாதச் சம்பளம் என்பது மழை பொய்த்தாலும் பொய்க்காத விளைச்சல். ஊரக நிலையங்கள் பல காலப்போக்கில் தம் தனித்தன்மையை இழந்தன. காந்திகிராமம் 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆயிற்று. இன்றும் நற்பணி ஆற்றுகிறது. ஆனால் தேர்வும் பட்டமும் இல்லாத அந்தக் குளிர்காலப் பள்ளி நம் மண்ணில் முளைத்தது என்று சொல்ல இயலாது. டென்மார்க்கைக் காதலித்த நாம் அதன் கட்டடத்தைக் கொண்டுவந்தோம். திண்ணையைக் கொண்டுவர மறந்தோம்.

இதனால் எரியோட்டுக்கு யாது என்று அன்பர்கள் கேட்கலாம். திண்டுக்கல்லுக்கு வடக்கே, வேடசந்தூர் வட்டத்தில் உள்ள எரியோடு வானம் பார்த்த பூமி. கிணற்றில் நீர் இருக்கும்வரை வெள்ளாமை. இல்லாதபோது ஆடும் மாடும் துணை. வட்டாரமெங்கும் நூற்பாலைகள் எழுந்துவிட்டன. பள்ளியிறுதி முடித்த இளைஞர் ஆலைக்குச் செல்கின்றனர். இளம்பெண்களுட் பலர் ஆலை விடுதிகளில் தங்கி உழைக்கின்றனர். கூட்டுறவுப் பால் சங்கங்களும் இப்பகுதியில் உண்டு. காலையில் பாலை ஊற்றுகிறோம். அளவும் கொழுப்பும் எழுதிய சீட்டை வாங்கிக்கொள்கிறோம். பேரவைக் கூட்டம் நடக்கும் நாளில் எத்தனை பேர் எழுந்து கணக்கைக் கேட்கிறோம்? சட்டம் டேனியச் சங்கத்தைப் போன்றதே. ஆளுக்கு ஒரு வாக்கு என்பதும் அதேதான். ஆனால் அந்த வாக்கைப் பயன்படுத்தும் நெஞ்சுரத்தைச் சட்டம் தருவதில்லை. அதனைப் பயிற்றுவித்த பள்ளியை நாம் இன்னும் தொடங்கவில்லை.

அப்பள்ளி வெறும் பேச்சுப்பள்ளி என்று எவரும் எண்ணவேண்டா. ஆஸ்கோவ் என்னும் ஊரின் மக்கள் உயர்பள்ளியில் பவுல் லா கூர் என்னும் ஆசிரியர் இருந்தார். சிற்றூர்களுக்கும் மின்விளக்கு எட்ட வேண்டும் என்ற விழைவால், அவர் 1891இல் அப்பள்ளியிலேயே காற்றாலை ஒன்றை அமைத்து மின்சாரம் எடுத்தார். ஊர்ப்புறத்து இளைஞர்களுக்கு மின்தொழில் கற்பித்தார். அவரிடம் பயின்ற யூல் என்பவர் 1957இல் கெட்சர் என்னுமிடத்தில் நிறுவிய காற்றாலை, பின்வந்த காற்றாலைகளுக்கு முன்மாதிரி ஆயிற்று. 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில் டேனிய அரசின் உதவியோடு நம் கயத்தாற்றிலும் முப்பந்தலிலும் காற்றாலைகள் சுழலத் தொடங்கின. பட்டம் தராத பள்ளியில் பிறந்த காற்று, நூறாண்டு கழித்துத் தென்பாண்டி நாட்டுக்கு வந்து விளக்கேற்றிற்று. தரங்கம்பாடியில் இறங்கிய வணிகத்தினும் இது பெரிய வரவு அன்றோ?

டென்மார்க்கில் இன்றும் எழுபதுக்கு மேற்பட்ட மக்கள் உயர்பள்ளிகள் நடைபெற்று வருகின்றன. அவற்றை அப்படியே பெயர்த்து இங்கு நடுதல் வேண்டா, நடவும் இயலாது. நமக்குக் குளிர்கால ஓய்வு இல்லை. ஆனால் அறுவடை முடிந்து அடுத்த மழை வரும்வரை உள்ள கோடை மாதங்கள் உண்டு. நெடும்பனி இல்லை, ஆனால் வேப்பமர நிழல் உண்டு. நம்மிடம் கட்டடங்களுக்குக் குறைவில்லை. மாலையில் பூட்டிக்கிடக்கும் பள்ளிகள் ஊர்தோறும் உள்ளன. ஆலையில் வேலை செய்யும் பெண்ணும், ஆடு மேய்க்கும் இளைஞரும், பால் ஊற்றும் தாயும் ஒன்றாக அமர்ந்து தம் ஊரின் வரலாற்றையும், தம் கூலிக்கணக்கையும், தம் கிணற்றின் நீர்மட்டத்தையும் பேசக் கற்கும் இடம் ஒன்று போதும். அங்கே பாட்டும் இருக்கட்டும். டேனியர் பல கூட்டங்களைப் பாடித் தொடங்குவர்.

வேற்று நாட்டின் தூய்மையையும் செழிப்பையும் கண்டு மயங்குவது பயணியின் காதல். அச்செழிப்புக்கு முன் அந்நாட்டார் பட்ட தோல்வியையும், தோல்விக்குப் பின் அவர்கள் தம் உழவரிடம் வைத்த நம்பிக்கையையும் கண்டு கற்பது அறிஞரின் காதல். முன்னது படங்களோடு முடிந்துவிடும். பின்னது ஊருக்குத் திரும்பிய பின்னரே தொடங்கும். தோற்ற நாடு ஒன்று தன் உழவரை நம்பி எழுந்தது. வறண்ட நிலத்தில் வாழும் நாம் நம் மக்களை நம்புவதற்கு எந்தத் தோல்வியை எதிர்பார்த்திருக்கிறோம்?