செயற்கை எலும்பு ஒட்டுப்பொருள்கள்

பல்லைப் பிடுங்கிய குழி ஆறிவிடும். ஆனால் அந்த இடத்துத் தாடை எலும்பு, வேலையில்லாமல் போனதும் கரையத் தொடங்கும். ஓராண்டுக்குள் அதன் அகலம் பாதிவரை குறையலாம். பிறகு இம்ப்ளான்ட் திருகை ஊன்ற எலும்பு போதாது. நோயாளியின் சொந்த எலும்பையே எடுத்து நிரப்புவதுதான் சிறந்த வழி என்றாலும், அதற்காக உடம்பில் இன்னோரிடத்தைக் கிழிக்க வேண்டும். அந்த இரண்டாவது புண்ணைத் தவிர்க்க வந்தவை செயற்கை ஒட்டுப்பொருள்கள்.

இவற்றின் தொடக்கம் பல் மருத்துவத்தில் இல்லை. 1892இல் டிரீஸ்மன் என்ற ஜெர்மானிய மருத்துவர், நோயால் எலும்பில் விழுந்த பொந்துகளைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸால் அடைத்தார். கைகால் முறிவுக்குக் கட்டும் அதே மாவுதான்! பலருக்கு எலும்பு வளர்ந்தது. ஆனால் சில வாரங்களிலேயே மாவு கரைந்துவிடும். எலும்பு அவ்வளவு விரைவாக வளராது.

1920இல் அமெரிக்காவில் ஆல்பியும் மாரிசனும் முயல் எலும்புகளில் கால்சியம் பாஸ்பேட்டைச் சோதித்தனர். ஆனால் அந்த வழி துலங்கியது 1970களில்தான். அமெரிக்காவில் ஜார்ச்சோ, ஜப்பானில் அயோகி, நெதர்லாந்தில் டி குரூட் ஆகியோர் எலும்பின் கனிமமான ஹைட்ராக்ஸிஅபடைட்டைச் செயற்கையாக வார்த்தனர். அதற்கு எதிர்மாறான குறை: ஆண்டுக்கணக்கில் கரையாது. கரையும் டிரைகால்சியம் பாஸ்பேட்டை அதனுடன் கலந்ததே இதற்குக் கண்ட சமரசம். இன்று தாடைக்கு வரும் துகள்களில் 60:40 கலவை பரவலானது.

இந்த வரலாற்றின் சுவையான திருப்பம் ஒரு பேருந்தில் நேர்ந்தது. 1967இல் லாரி ஹென்ச் என்ற பொருளறிவியலாளரிடம், வியட்நாமிலிருந்து திரும்பிய ராணுவ அதிகாரி ஒருவர், உடல் ஒதுக்காத பொருளைச் செய்ய முடியுமா என்று கேட்டார். 1969இல் புளோரிடா பல்கலைக்கழகத்தில் ஹென்ச் உருவாக்கிய கண்ணாடி, எலியின் தொடையெலும்பில் பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொண்டது. உடல் திரவத்தில் சோடியம் வெளியேற, மேற்பரப்பில் சிலிகா படலம் உருவாகி, அதன்மேல் கால்சியம் பாஸ்பேட் படிவதே காரணம். இந்தப் பயோகிளாஸ் 1980களின் இறுதியில் பல் பிடுங்கிய குழியில் வைக்கும் கூம்புகளாகவும், 1993இல் பெரியோகிளாஸ் என்ற துகளாகவும் வந்தது. திருவனந்தபுரத்தின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம், பயோகிளாஸையும் ஹைட்ராக்ஸிஅபடைட்டையும் இணைத்த துகளை இந்தியாவில் உருவாக்கியது.

விளம்பரங்கள் சொல்வதுபோல் இவை எலும்பை முளைக்க வைப்பதில்லை. அக்கம்பக்க எலும்பின் செல்கள் ஏறிவரச் சாரமாக நிற்கின்றன, அவ்வளவே. சுற்றிலும் நல்ல எலும்பும் ரத்த ஓட்டமும் உள்ள சிறு குழிகளுக்கு அது போதும். பெரிய இழப்புகளுக்கு, அறுவை மருத்துவர்கள் இன்றும் நோயாளியின் இடுப்பெலும்பையே நாடுகின்றனர்.