ஆலிஸ் அம்மாளின் மரக்குழாய்

ஆலிஸ் வேட் என்ற அம்மாளைப் பற்றி நேயர்கள் கேள்விப்பட்டிருக்க நியாயமில்லை. அவள் ராணியும் அல்ல, வீராங்கனையும் அல்ல. லண்டன் நகரத்தில் வீடு வைத்திருந்த ஒரு சாதாரணப் பெண்மணி. ஆனாலும் எழுநூறு வருஷங்களாக அவள் பெயர் அழியாமல் இருக்கிறது. காரணம், ஒரு மரக்குழாய்.

அந்தக் காலத்து லண்டனில் ஒரு நல்ல வழக்கம் இருந்தது. அண்டை வீட்டார் தொல்லையைப் பற்றிப் புகார் வந்தால், நகர மேயரும் பெரியவர்களும் சம்பந்தப்பட்ட இடத்துக்கே போய்ப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வார்கள். தீர்ப்பை ஒரு சுருளில் எழுதியும் வைப்பார்கள். 1314-ஆம் ஆண்டுச் சுருளில் ஆலிஸ் அம்மாளின் வழக்கு இருக்கிறது. சில வீடுகளுக்கு அடியில் ஒரு சாக்கடை ஓடியது. கூரைகளிலிருந்தும் தெருவிலிருந்தும் வரும் மழைத் தண்ணீரை ஏற்றுக்கொள்வதற்காக ஏற்பட்டது அது. அம்மாள் என்ன செய்தாள்? தன் மாடி அறையில் இருந்த கழிப்பிடத்திலிருந்து ஒரு மரக்குழாயைப் போட்டு, அந்தச் சாக்கடையில் சத்தமில்லாமல் இணைத்துவிட்டாள். சாக்கடை அடைத்துக்கொண்டது. துர்நாற்றம் தாங்காமல் அக்கம்பக்கத்தார் முறையிட்டார்கள். நாற்பது நாளைக்குள் குழாயை எடுத்துவிட வேண்டும் என்று தீர்ப்பாயிற்று.

இதை நான் படித்தது ஒரு மழைக்கால ராத்திரியில். படித்துவிட்டுச் சிரித்தேன். பாதிச் சிரிப்பில் நிறுத்திக்கொண்டேன். ஏனென்றால் என் வீட்டு ஞாபகம் வந்துவிட்டது.

சென்னையில் என் வீட்டுக்குச் சலவை இயந்திரம் வாங்கிய சமயம், அழுக்குத் தண்ணீரை எங்கே விடுவது என்ற பிரச்னை எழுந்தது. கழிவுநீர்க் குழாய் கொல்லைப்புறத்தில் இருந்தது. அதில் சேர்ப்பதென்றால் தரையை உடைக்க வேண்டும். பிளம்பர் தலையைச் சொறிந்தார். "வாசல்லயே மழைத் தண்ணிக் கால்வா இருக்குது சார். அஞ்சடிக் குழாய் போதும். அரை மணியில முடிச்சுடலாம்" என்றார். நான் "சரி" என்றேன். அந்தச் "சரி"யைச் சொல்ல எனக்கு அரை நிமிஷம்கூடப் பிடிக்கவில்லை. ஆலிஸ் அம்மாளும் அப்படித்தான் சொல்லியிருப்பாள் என்று தோன்றியது. அதற்குப் பிறகுதான் இந்த விஷயத்தைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

மழைநீர் போகும் வழியில் வேறெதையும் விடாதே என்பது லண்டனில் மிகப் பழைய நீதி. அதை மீறியவர்களும் பழைய காலத்திலிருந்தே உண்டு. 1290-இல் பிளீட் என்ற சிற்றாற்றின் கரையில் இருந்த துறவிகள் ஒரு முறையீடு செய்தார்கள்: பூஜையில் போடும் சாம்பிராணி மணத்தையும் ஆற்றின் நாற்றம் அமுக்கிவிடுகிறதாம்! 1388-இல் பார்லிமெண்டே ஒரு சட்டம் செய்தது. குப்பை, சாணம், அறுத்த மிருகங்களின் குடல் ஆகியவற்றைக் குளம் குட்டையிலும் ஆற்றிலும் எறிந்தால் இருபது பவுன் அபராதம். கசாப்புக் கடைக்காரர்களுக்கு அந்த நாளில் அது பெரிய தொகைதான்.

வீட்டுக் கழிவுக்கு வேறு ஏற்பாடு இருந்தது. வீட்டுக்கு அடியில் ஒரு குழி. அது நிறைந்தால் ராத்திரியில் ஆட்கள் வந்து அள்ளிக்கொண்டு போய்க் குடியானவர்களுக்கு எருவாக விற்பார்கள். எட்டாம் ஹென்றி 1531-இல் செய்த சாக்கடைச் சட்டம்கூடப் பள்ளமான நிலங்களிலிருந்து தண்ணீரை வடிப்பதைப் பற்றியதுதான். தெருச் சாக்கடையில் வீட்டுக் கழிவை இணைப்பது 1815 வரையில் குற்றமாகவே இருந்தது.

அப்புறம் நாகரிகம் வந்தது. ஜோசப் பிராமா என்ற கெட்டிக்காரர் 1778-இல் தண்ணீர் அலசிவிடும் கழிப்பிடத்துக்கு ஓர் உரிமை வாங்கினார். பணக்கார வீடுகளில் எல்லாம் அது ஏறி அமர்ந்தது. கயிற்றை இழுத்தால் எல்லாம் கண்ணுக்கு மறைந்துவிடும். ஆனால் மறைந்தது எங்கே போயிற்று? குழிக்குத்தான். அலசிய தண்ணீரும் சேர்ந்துகொள்ளவே குழிகள் வழிந்தன. 1815-இல் கழிவை மழைச் சாக்கடையில் விடலாம் என்று அனுமதித்தார்கள். 1848-இல் ஏற்பட்ட கமிஷன் ஒரு படி மேலே போயிற்று. விடலாம் என்பது போய், விட்டே ஆகவேண்டும் என்றாயிற்று. ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் ஆலிஸ் அம்மாளைக் குற்றவாளியாக்கிய காரியம், ஒவ்வொரு குடும்பஸ்தனுக்கும் கடமையாகிவிட்டது!

அந்தக் கமிஷனில் இருந்தவர்கள் கெட்டவர்கள் அல்ல. நாற்றம்தான் நோய்க்குக் காரணம் என்று மனப்பூர்வமாக நம்பினார்கள். வீட்டிலிருந்து நாற்றத்தை விரட்டினால் நோயும் ஓடிவிடும் என்று எண்ணினார்கள். அது ஓடியது உண்மை. நேரே தேம்ஸ் நதிக்கு ஓடியது. அந்த நதித் தண்ணீரைத்தான் கம்பெனிகள் குழாய் வழியாக மீண்டும் வீடுகளுக்கு விற்றுக்கொண்டிருந்தன. 1848-49 காலராவில் லண்டனில் 14,000 பேருக்கு மேல் மாண்டார்கள். 1853-54-இல் மறுபடியும் 10,000 பேருக்கு மேல்.

ஜான் ஸ்னோ என்ற வைத்தியர் அப்போது வீடு வீடாக விசாரித்துக் கணக்கெடுத்தார். ஒரு கம்பெனி நகரத்துக்கு நடுவே, அழுக்குக் கலந்த இடத்தில் தண்ணீர் எடுத்தது. இன்னொன்று நதியின் மேற்புறத்துக்குப் போய்விட்டது. முதல் கம்பெனியின் தண்ணீரைக் குடித்த 10,000 வீடுகளுக்கு 315 சாவு. இரண்டாவது கம்பெனியின் தண்ணீரைக் குடித்த 10,000 வீடுகளுக்கு 37. ஒரே தெரு, ஒரே காற்று, ஒரே நாற்றம். வித்தியாசம் குழாயில் மட்டும்.

1858 கோடையில் நதியே பழி வாங்கியது. பார்லிமெண்ட் ஜன்னல்களில் சுண்ணாம்புக் குளோரைடில் தோய்த்த திரைகளைத் தொங்கவிட்டும் அங்கத்தினர்களால் உட்கார முடியவில்லை. வருஷக்கணக்காகத் தூங்கிய விஷயத்துக்குப் பதினெட்டே நாளில் சட்டம் பிறந்தது. தன் மூக்குக்கு வந்தால்தான் சர்க்காருக்குச் சுறுசுறுப்பு வரும் போலிருக்கிறது. ஜோசப் பசால்கெட் என்ற என்ஜினீயர் 82 மைல் நீளத்துக்குப் பெருஞ்சாக்கடைகள் கட்டி, கழிவை நகரத்துக்குக் கிழக்கே கொண்டுபோய் விட்டார். லண்டனிலிருந்து காலரா ஒழிந்தது. அந்த மனிதருக்கு எத்தனை கும்பிடு போட்டாலும் தகும்.

ஆனால் அவராலும் ஒரு முடிச்சை அவிழ்க்க முடியவில்லை. மழையும் கழிவும் ஒரே குழாயில் ஓடின. பெருமழை பெய்தால் குழாய் கொள்ளாது. வீடுகளுக்குள் எதிர்த்து ஏறும். ஆகையால் மிஞ்சுவது நதியில் வழிய வாசல்கள் வைத்தார். நகரம் பெருகப் பெருக, சிறுதூறலுக்கும் அந்த வாசல்கள் திறந்துகொள்ள ஆரம்பித்தன. கடைசியில், வழிவதைப் பிடித்து வைப்பதற்கென்று தேம்ஸுக்கு அடியில் 25 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு சுரங்கம் வெட்டினார்கள். அது 2025 பிப்ரவரியில்தான் முழுதும் இணைக்கப்பட்டது. செலவு 450 கோடி பவுனுக்கு மேல். 1815-இல் மலிவாகத் தோன்றிய ஒரு சௌகரியத்துக்கு இத்தனை நாள் கழித்து வந்த பில் அது!

பிற்காலத்து ஊர்கள் புத்தியாக இரண்டு குழாய் போட்டன: மழைக்கு ஒன்று, கழிவுக்கு ஒன்று. சென்னையிலும் அப்படித்தான். இரண்டு குழாய் இருந்துவிட்டால் போதுமா? எதை எதில் சேர்ப்பது என்பது வீட்டுக்காரன் கையிலும் கடைக்காரன் கையிலும் அல்லவா இருக்கிறது? சாப்பாட்டுக் கடையின் எண்ணெய்ப் பிசுக்கு, வண்டி கழுவிய சோப்பு நுரை, சாயம் கரைத்த வாளித் தண்ணீர் எல்லாம் வாசல் கால்வாயில் விழுந்தால், சுத்தம் செய்யும் நிலையத்தின் பக்கமே தலைகாட்டாமல் ஆற்றுக்குப் போய்விடும். தவறாக இணைத்த குழாயை மாற்றும்படி வீட்டுக்காரரைக் கட்டாயப்படுத்த இங்கிலாந்தில் உள்ளூர் சபைகளுக்கு 1984-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அதிகாரம் கொடுத்திருக்கிறது. சில ஊர்களில் தெருச் சாக்கடையின் கம்பி மூடிக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் மீனை வரைந்து வைக்கிறார்கள். இங்கே கொட்டுவது மீன் வாழும் தண்ணீருக்குப் போகிறது என்று அதற்கு அர்த்தம்.

ஆலிஸ் அம்மாள் விஷயத்தில் ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் விட்டேன். அந்தச் சாக்கடை நீரின் வேலை, படகுத் துறையில் இருந்த ஒரு பொதுக் கழிப்பிடத்தை அலசிவிடுவது. ஆகவே தீர்ப்புச் சொன்ன பெரியவர்களும் நதியை நினைத்துச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டாரின் மூக்கை நினைத்துத்தான் சொன்னார்கள். நதிக்காக முறையிட அங்கே யாரும் வரவில்லை. என் வீட்டு விஷயத்திலும் யாரும் முறையிடவில்லை. சோப்பு நுரை நாறுவதில்லை அல்லவா?

ஆலிஸ் அம்மாளுக்கு மேயர் கெடு வைத்தார். எனக்கு நானே வைத்துக்கொண்டேன், அதே நாற்பது நாள். முப்பத்தெட்டாம் நாள் அதே பிளம்பர் வந்து கொல்லைப்புறத் தரையை உடைத்தார். இரண்டு நாள் வேலை; வீடெல்லாம் சிமெண்டுப் புழுதி. குழாயைக் கழற்றி வாசலில் போட்டுவிட்டு, "ஓடிக்கிட்டிருந்ததை எதுக்கு சார் மாத்தறீங்க? யாராச்சும் கேட்டாங்களா?" என்றார்.

"ஒரு அம்மாள் கேட்டாள்" என்றேன்.