ஃபிஜித் தொலைக்காட்சி ஆய்வு

தென் பசிபிக்கின் ஃபிஜித் தீவுகளில், வளரிளம் பெண்கள் தம் உடலைப் பார்க்கும் பார்வை தொலைக்காட்சியின் வருகைக்குப் பின் எப்படி மாறியது என்பதைப் பதிவுசெய்த ஆய்வு. ஹார்வர்டு மருத்துவப் பள்ளியின் மனநல மருத்துவரும் மானிடவியலாளருமான ஆன் பெக்கர் இதற்குத் தலைமை வகித்தார்.

ஃபிஜியப் பூர்வகுடி மரபில் வாட்டசாட்டமான உடலுக்கே மதிப்பு. வீட்டைக் கடந்து போகிறவரைச் சாப்பிட வரும்படி குரல் கொடுத்து அழைப்பார்கள். ஒருத்தி மெலிந்தால் உற்றார் அவளைச் சரியாகக் கவனிக்கவில்லை என்று பொருள். பசியெடுக்காதவர்களுக்கு மூலிகை மருந்து கொடுப்பார்கள். உடம்பைக் குறைக்கப் பட்டினி கிடப்பது அங்கே வழக்கத்தில் இருந்ததில்லை.

நட்ரோகா பகுதிக்கு 1995-இல் தொலைக்காட்சி வந்தது. வந்த சில வாரங்களில் 63 மாணவியரிடமும், 1998-இல் வேறு 65 மாணவியரிடமும் வினாப்படிவம் நிரப்பப்பட்டது. உணவுக் கோளாற்றுக்கான அறிகுறிகள் மிகுந்தோர் 12.7 விழுக்காட்டிலிருந்து 29.2 விழுக்காடாயினர். எடை குறைய வலிந்து வாந்தியெடுப்பவர் முதல் சுற்றில் ஒருவரும் இல்லை; மூன்றாண்டுகளில் 11.3 விழுக்காடு. அமெரிக்கத் தொடர் நாயகியரைப் போல ஆக வேண்டும், மெலிந்தால் வேலை கிடைக்கும் என்றெல்லாம் மாணவியர் நேர்காணல்களில் கூறினர். அழகு ஆசையோடு பிழைப்புக் கவலையும் கலந்திருந்தது.

முடிவுகள் 2002-இல் வெளியாயின. மாணவியர் தொகை சிறியது; இரு சுற்றிலும் பங்கேற்றோர் வேறு வேறு; அதே காலத்தில் பிற சமூக, பொருளாதார மாற்றங்களும் நிகழ்ந்தன. ஆகவே தொலைக்காட்சி மட்டுமே காரணம் என்று இதைக் கொண்டு நிறுவ இயலாது.