நூறு ரூபாய்க்குக் கீழே

பெங்களூர் அல்சூர்க்காரன் நான். மேயோ ஹால் கோர்ட்டில் ஒரு வக்கீலிடம் முப்பத்தோரு வருஷம் குமாஸ்தாவாக இருந்தேன். அந்தமானில் குத்திக் கொல்லப்பட்ட மேயோ பிரபுவின் நினைவாக 1883இல் எழுந்த கட்டடம் அது. அந்த வளாகத்தில் நான் அதிகம் கேட்ட புலம்பல், ‘மாத்து கொட்டித்ரு!’ வாக்குக் கொடுத்தாரே என்பதைத் தமிழர்களும் கன்னடத்தில்தான் சொல்லி அழுவார்கள்.

தாத்தா காலத்தில் வெற்றிலை பாக்கு மாற்றினால் நிலம் கைமாறிய மாதிரிதான். சட்டமும் அந்த வழக்கத்தை அடியோடு தள்ளவில்லை. 1882ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 54ஆவது பிரிவுப்படி, நூறு ரூபாய்க்குக் குறைந்த நிலத்தை விற்க, இடத்தை ஒப்படைத்தாலே போதும். நூறோ அதற்கு மேலோ ஆனால் பதிவுப் பத்திரம் வேண்டும். அந்த நூறு இன்றும் நூறுதான். எம்.ஜி. ரோட்டில் அதற்கு ஒரு மசால் தோசை கிடைத்தால் அதிர்ஷ்டம்.

ஆனால் விற்பது வேறு, விற்கிறேன் என்று ஒப்புக்கொள்வது வேறு. ஒப்புக்கொள்வது வாய்ப்பேச்சாகவே இருக்கலாம் என்று 1990இல் பிரிஜ் மோகன் – சுக்ரா பேகம் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நிரூபிக்கிற பாரம் மட்டும் வாதியின் தலையில்.

1998இல் ஒரு விதவை அம்மா வந்தார். கே.ஆர். புரம் பக்கம் முப்பதுக்கு நாற்பது சைட்டு வாங்க வாய்ப்பேச்சு. அட்வான்ஸ் ஐம்பதாயிரம் ரொக்கம், எதிரே புரோக்கர், ரசீது கிடையாது. “கூடப் பிறந்தவர் மாதிரி பழகினார் அண்ணா, காகிதம் கேட்க வாய் வரலை.” பத்திரம் செய்து தர முடியாது என்று சைட்டுக்காரர் சொல்லி இரண்டு வருஷம் பத்து மாதம் ஆகியிருந்தது. தேதி குறிக்காத ஒப்பந்தத்துக்கு, மறுத்தது தெரிந்த நாளிலிருந்து மூன்றே வருஷம்தான் கெடு. அன்று ராத்திரியே பிராது டைப் அடித்தேன்.

புரோக்கர் பல்டி அடித்தார். காப்பாற்றியது அந்த அம்மாவின் சீட்டுப் புத்தகம்: அட்வான்ஸ் கொடுத்ததற்கு முந்தின நாள் ஐம்பதாயிரம் எடுத்த பதிவு. சைட்டு கிடைக்கவில்லை. ராஜியில் பணம் வட்டியோடு வந்தது. 2011இல் பவர் பத்திரத்தால் சொத்து கைமாறாது என்று சூரஜ் லாம்ப் தீர்ப்பு வந்ததும், பவரில் சைட்டு வாங்கியவர்கள் எங்கள் வாசலில் வரிசை கட்டினார்கள்; அவர்களிடமாவது காகிதம் இருந்தது.

ராஜியான அன்று அந்த அம்மா நோட்டை இரண்டு தடவை எண்ணினார். எண்ணி முடிப்பதற்குள் சைட்டுக்காரர் கை நீட்டினார்: “ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி ஒரு ரசீது கொடுத்துடுங்கம்மா.”