பாட்டும் பாடமும்: கே.ஏ. குணசேகரன் நினைவுரை



பேராசிரியர் கே.ஏ. குணசேகரன் 2016 ஜனவரி 17 அன்று மறைந்தார். அவர் குரலால் ஊர் ஊராகப் பரவிய ‘மனுசங்கடா’ பாடலை எழுதிய கவிஞர் இன்குலாப் அதே ஆண்டு டிசம்பர் 1 அன்று மறைந்தார். எழுதியவரும் பாடியவரும் ஓராண்டுக்குள் போய்விட்டார்கள். பாட்டு மட்டும் நம் ஊர்வலங்களில் இன்னும் முன்னே நடக்கிறது.

குணசேகரன் 1955இல் சிவகங்கைச் சீமையின் மாரந்தையில் பிறந்தவர். இளையான்குடியில் படித்தவர். வறுமையும் சாதியும் சேர்ந்து துரத்திய அந்த நாட்களை 2005இல் வெளிவந்த ‘வடு’ என்னும் தன்வரலாற்றில் எழுதினார். இளையான்குடி இஸ்லாமியர்களிடம் கிடைத்த மனித மரியாதையையும் சுற்றியிருந்த சாதிக் கிராமங்களில் பட்ட அவமானத்தையும் அதில் அருகருகே வைத்தார். ஒரே பையன் சில மைல் தூரம் நடந்தால் வேறு ஆளாக நடத்தப்படுகிறான். தீண்டாமை இயற்கையானது என்போருக்கு இதைவிடப் பதில் வேண்டுமா? சமூகவியல் வகுப்பில் நாங்கள் படித்த பல கோட்பாடுகள், அந்தச் சின்ன நூலைப் படித்த பிறகே எங்களுக்கு உறைத்தன.

அவர் புதுச்சேரிப் பல்கலைக்கழக நிகழ்கலைப் பள்ளியில் பேராசிரியராக இருந்தார். உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராகவும் பொறுப்பு வகித்தார். ‘தன்னானே’ கலைக்குழுவோடு தெருவிலும் பாடினார். வயலிலும் களத்திலும் பிறந்த பாட்டுகளைச் சேகரித்தார், ஆராய்ந்தார், மேடையேற்றினார். பாடுகிறவர்களை வெறும் தகவல் தருபவர்களாகப் பார்த்த ஆய்வுலகத்துக்குள், பாடுகிற சனத்திலிருந்தே ஒருவர் பேராசிரியராக நுழைந்தார் என்பதுதான் இதில் வரலாறு.

இங்கே ஒரு கேள்வியை நாம் தவிர்க்க முடியாது. காட்டுமன்னார்கோயில் பகுதியில் எல். இளையபெருமாள் சாவுக்குப் பறையடிக்க மாட்டோம் என்று மக்களைத் திரட்டினார். இழிதொழிலாகச் சுமத்தப்பட்டதை இறக்கி வைப்பதே விடுதலை என்றார். அடுத்த தலைமுறையில் குணசேகரன் போன்றவர்கள் நம் இசையை ஏந்திக்கொண்டு மேடையேறினார்கள். இரண்டும் முரணா? இல்லை என்றே நாங்கள் நினைக்கிறோம். “கூப்பிட்டால் வந்து அடி” என்று ஊர் இடும் கட்டளைக்கு இருவருமே பணியவில்லை. மறுக்கும் உரிமை இருக்கும் இடத்தில்தான் அடிப்பது கலையாகிறது. இன்று கல்லூரி விழாக்களில் பறை முழங்குகிறது, மகிழ்ச்சி. ஆனால் பறையைக் கைதட்டி ரசிக்கும் அரங்கம், அதை அடித்தவர்களின் சேரிக்குப் பாதை விடாத ஊரைப் பற்றி வாய் திறக்காவிட்டால், அந்தக் கைதட்டலால் நமக்கு ஆவதென்ன?

அம்பேத்கர் நூற்றாண்டையொட்டி எழுந்த தலித் இலக்கிய அலையில் அவர் தந்த நாடகம் ‘பலி ஆடுகள்’. தமிழ் தலித் அரங்கின் தொடக்கமாகப் பலரும் அதைச் சொல்கிறார்கள். சாதியைக் கேள்வி கேட்டதோடு அது நிற்கவில்லை; ஒடுக்கப்பட்ட ஆண் தன் வீட்டுப் பெண்ணை ஒடுக்குவதையும் மேடையில் வைத்தது. கைதட்டு வாங்க எளிதான வழி வேறு இருந்தது. தன் சனத்தின் முன்னாலேயே தன் சனத்தைக் கேள்வி கேட்க அவருக்குத் துணிவு இருந்தது. நம் அமைப்புகளில் பெண் தோழர்கள் எத்தனை பேர் பேசும் இடத்தில் இருக்கிறார்கள் என்று இந்த அரங்கையே ஒருமுறை திரும்பிப் பார்த்தால், அந்த நாடகம் இன்னும் முடியவில்லை என்பது புரியும்.

மாணவர்களே, உங்கள் ஊருக்குப் போகும்போது ஒரு வேலை செய்யுங்கள். நடவுப் பாட்டும் ஒப்பாரியும் தெரிந்த ஆத்தாவிடம், அப்பத்தாவிடம் உட்காருங்கள். பாட்டை எழுதிக்கொள்ளுங்கள், பாடியவர் பெயரையும் மறக்காமல் எழுதுங்கள். பாட்டு நிலைத்து, பாடியவர் பெயர் அழிந்துபோவதுதான் நமக்கு இதுவரை நேர்ந்த வரலாறு. குணசேகரன் தன் பெயரை எழுதிவிட்டுப் போனார். மற்றவர்களின் பெயர்களை எழுதுவது நம் கடன்.

ஜெய்பீம்.